மண்ணுக்கடியில் ஓடும் வெளிச்சம்

ஜூன் மாதத்து விடியற்காலை ஒன்றில், பொழுது புலர்ந்தும் புலராததுமாக இருந்த ஆறே முக்கால் மணிக்கு, தேக்காவை அடுத்த பஃபலோ சாலையில் ஒரு பூக்கடையின் முன்னே, மல்லிகையை முழம் போட்டுக்கொண்டிருந்த கையைப் பார்த்தபடி நான் நின்றிருந்தபோது, அதுவரை இலையசையாமல் புழுங்கிக்கொண்டிருந்த காற்று சட்டென்று குளிர்ந்தது. மழை இன்னும் வரவில்லை. இடியும் எங்கோ தொலைவில்தான் உருண்டது. ஆனால் பூக்கட்டும் அம்மாள் நாரைக் கீழே வைத்துவிட்டு மேற்கே ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமாக ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். கூரைகளுக்கு மேலே, வடக்கிலிருந்து தெற்கு வரை கோடு கிழித்தாற்போல, அடி கறுத்த மேகத்திரள் ஒன்று எழுந்து நின்றது. "தம்பி, அந்தத் தார்ப்பாய்க் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். நான் கயிற்றைப் பிடித்ததற்கும் அது என் உள்ளங்கையை அறுத்ததற்கும் இடையே ஒரு நிமிஷங்கூட ஆகியிராது. தார்ப்பாய் பாய்மரம்போல் விம்மிற்று. வாழையிலைக் கட்டு ஒன்று தெருவின் குறுக்கே உருண்டோடிற்று. நடந்துகொண்டிருந்தவர்களெல்லாம் கடைகளின் முன்தாழ்வாரமான அஞ்சடிக்குள் ஒதுங்கினார்கள். பிறகுதான் மழை, குறுக்காக, ஊசி ஊசியாக வந்தது. இத்தனைக்கும் நடுவே, கடையின் உட்சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சின்னஞ்சிறு மின்விளக்கு ஒரு முறைகூடக் கண்சிமிட்டவில்லை.

அந்த விளக்கு ஏன் சிமிட்டவில்லை என்பதும், கஜா புயலின்போது தமிழ்நாட்டில் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே என் அக்காள் வீட்டு விளக்கு ஏன் இருபத்திரண்டு நாள் எரியவில்லை என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். அதற்கு விடை தேடப் புகுவோமாயின் முதலில் காற்றையும், பின்னர் கம்பியையும், கடைசியில் அடுக்களையையும் பார்த்தாக வேண்டும்.

அன்றைக்கு வந்த காற்றுக்குச் சிங்கப்பூரில் சுமத்ரா என்றே பெயர். பெருந்தீவின் பெயரையே அதன் காற்றுக்கும் இட்டுவிட்டார்கள். இராக்காலத்தில் சுமத்ரா மலைகளின் மீதும் மலாக்கா ஜலசந்தியின் மீதும் திரளும் இடிமேகங்கள், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும் அதற்கு முன்னும் பின்னுமுள்ள பருவமாற்றக் காலங்களிலும், ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வரிசையாகிக் கிழக்கு நோக்கி நகரத் தொடங்குகின்றன. பெரும்பாலும் விடிவதற்கு முன்னோ விடிந்த சற்று நேரத்திலோ நம் தீவை அடைகின்றன. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகும்போது, அந்த ஆவியாதலுக்கு வேண்டிய உஷ்ணத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே சரிகிறது. சரிந்தது தரையில் மோதி, சிமெண்டுத் தரையில் குடம் கவிழ்ந்த நீரைப்போல் முன்னோக்கிப் பரவுகிறது. பூக்கடை அம்மாள் தோளில் உணர்ந்த குளிர் அந்தப் பரவலின் முன்விளிம்பு. அவருக்கு வானிலை சாஸ்திரம் யாரும் கற்பிக்கவில்லை. முப்பது வருஷம் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டியது கற்பித்தது.

பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தோடு வரும் இந்தக் காற்று ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீவைக் கடந்து தென்சீனக் கடலை நோக்கிப் போய்விடும். ஆயினும், இங்கே பதிவான காற்றுவேகங்களில் மிகப் பெரியது 1984 ஏப்ரல் 25-ஆம் நாள் தெங்காவில் அளக்கப்பட்ட மணிக்கு 144.4 கிலோமீட்டர் என்பதை அறிந்தவன் அதை அற்பமாக எண்ணமாட்டான். அந்த வேகத்தை விநாடிக்கு 40 மீட்டர் என்று மாற்றிக்கொண்டு பௌதிக நூல் கூறும் கணக்கைப் போட்டுப் பார்த்தால், தன்னை எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் அந்தக் காற்று ஏறக்குறைய நூறு கிலோ எடையைச் சாய்க்கிறது; ஒரு வாசற்கதவின் மீது இரண்டு நெல்மூட்டைக்கு மேல் சாய்ந்தது போல. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், காற்றின் அழுத்தம் வேகத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை, அதன் வர்க்கத்தோடு வளர்கிறது என்பது: வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர்க் காற்றில் தார்ப்பாயைப் பிடித்து நிறுத்த என் ஒருவன் கை போதுமென்றால், 120 கிலோமீட்டர்க் காற்றுக்கு என்னைப்போல் நால்வர் வேண்டும். (அன்றைக்கு என் ஒருவன் கையே போதவில்லை என்பது வேறு கதை.)

அப்படியிருந்தும் சிங்கப்பூரை அடிப்பது கடுகி வந்து கடுகிப் போகும் இந்தக் காற்றுதானேயன்றி, நாட்கணக்கில் சுழன்று நெருங்கும் புயல் அன்று. அதற்குக் காரணம் நம் தீவின் புண்ணியமுமன்று, சுமத்ராவின் மலைகள் காவல் நிற்பதுமன்று. நாம் பூமத்தியரேகைக்கு மிக அருகே, 1.3 பாகையில் குடியிருக்கிறோம் என்பதே. சுழலும் பூமியின் மீது ஓடும் காற்று நேராக ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்குகிறது. அந்த ஒதுக்கந்தான் தாழ்வழுத்தத்தை நோக்கி விரையும் காற்றைச் சக்கரமாகச் சுழற்றிவிடுகிறது. இந்த ஒதுக்கும் சக்தி துருவங்களில் மிகுதி, பூமத்தியரேகையில் பூஜ்யம். பத்தரைப் பாகையில் இருக்கும் வேதாரண்யத்தில் அது சிங்கப்பூரில் இருப்பதைப்போல் ஏழெட்டு மடங்கு. சுழற்றும் கை இல்லாத இடத்தில் பம்பரம் சுழலுமா?

ஒரு தரம் சுழன்றது. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவக்காற்றின் பெருக்கு ஒன்று நாட்கணக்கில் ஓயாமல் குறுகலான தென்சீனக் கடற்பகுதிக்குள் புகுந்து வந்தபோது, போர்னியோவை ஒட்டி வழக்கமாக உண்டாகும் ஒரு சுழி கடல்மேல் நகர்ந்து வந்து அந்தப் பெருக்கில் சிக்கிக்கொண்டது. பூமி கொடுக்காத சுழற்சியைச் சுழியும் பருவக்காற்றும் கூடிக் கொடுத்துவிட்டன. பூமத்தியரேகையிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத இடத்தில் வாமெய் என்னும் புயல் உருவாகி, 27-ஆம் நாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறிற்று. பாடப்புத்தகங்களில் 'ஐந்து பாகைக்குள் புயல் உண்டாகாது' என்று எழுதியிருந்த வாக்கியத்தைத் திருத்தியெழுத வைத்த புயல் அது. நூறு முதல் நானூறு வருஷங்களுக்கு ஒரு முறை இப்படி நேரலாம் என்று அதை ஆராய்ந்தவர்கள் கணித்தார்கள். அதற்குச் சூட்டப்பட்ட பெயர் பாடும் பறவை ஒன்றின் பெயர் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

காற்றைப் பற்றி இவ்வளவு போதும், விளக்குக்கு வருவோம். 2024 செப்டம்பர் 17-ஆம் நாள் மாலை அடித்த சுமத்ரா தெங்காவில் மணிக்கு 83.2 கிலோமீட்டரைத் தொட்டது. தீவெங்கும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன, அல்லது கிளை முறிந்தன. சாலைகள் அடைபட்டன, வாகனங்கள் நசுங்கின. சாய்ந்த மரங்கள் கம்பிகளை அறுத்து ஊரை இருளில் ஆழ்த்திய செய்தி மட்டும் இல்லை, ஏனெனில் அறுப்பதற்கு மேலே கம்பியே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக இங்கே வந்திறங்கும் உறவினர்கள், சிராங்கூன் சாலையில் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் பார்த்து முடித்த பிறகு, ஏதோ ஒன்று குறைகிறதே என்று இரண்டு நாள் திகைப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் கண்டுபிடிப்பார்: "இங்கே கரண்டு கம்பமே இல்லையே!"

இருக்கிறது, படுத்த வாக்கில், மண்ணுக்கடியில். லிட்டில் இந்தியாவுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது என்பதைப் பலர் அறியார்: டிராம் வண்டிகளை ஓட்டுவதற்காக மெக்கன்சி சாலையில், இன்றைய தேக்காவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், எழுப்பப்பட்ட மின்நிலையத்திலிருந்து மின்சாரத்தை விலைக்கு வாங்கித்தான் 1906-ஆம் ஆண்டில் நகராட்சி, ராஃபிள்ஸ் பிளேஸ் முதலான இடங்களுக்கு மின்விளக்கு ஏற்றியது. அன்று தொடங்கிய விநியோகம் இன்று, வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பி உள்பட, நிலத்தடி வடங்களாகவே ஓடுகிறது. 2010-களின் கடைசியில் முடிக்கப்பட்ட பெருஞ்சுரங்கங்கள், சராசரியாக 60 மீட்டர் ஆழத்தில், அதாவது இருபது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கினால் எட்டும் ஆழத்தில், 4,00,000 வோல்ட் வடங்களைத் தாங்கிக்கொண்டு தீவின் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லுகின்றன. ஒரு வாடிக்கையாளர் வருஷம் முழுவதிலும் மின்தடையால் இழக்கும் நேரம் சராசரியாக ஒரு நிமிஷத்துக்கும் குறைவு.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. அந்தரத்தில் தொங்கும் கம்பியைக் காற்றே குளிர்விக்கிறது, காற்றே அதற்குக் காப்புறையாகவும் நிற்கிறது, மண்ணில் புதைத்த வடத்துக்கோ தடித்த காப்புறையும் உலோகக் கவசமும் வேண்டும், உஷ்ணம் வெளியேற வழி பார்க்க வேண்டும், செலவு பன்மடங்கு. பழுது நேர்ந்தாலோ கண்ணுக்குத் தெரியாது. அறுந்த கம்பியை லைன்மேன் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடலாம்; தெருவுக்கடியில் பழுதான வடத்தை எந்த இடத்தில் தோண்டுவது? அதற்கு ஓர் அழகான தந்திரம் கையாளுகிறார்கள்: வடத்தின் ஒரு முனையில் ஒரு மின்துடிப்பைச் செலுத்தி, பழுதில் மோதி அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். வடத்துக்குள் அத்துடிப்பு ஒளியின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடும். இருபது மைக்ரோ விநாடியில் திரும்பினால் பழுது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் என்று தெரிந்துகொண்டு அங்கே கடப்பாரையை வைக்கலாம். கிணற்றுக்குள் குரல் கொடுத்து ஆழம் பார்க்கும் சிறுவனின் வித்தைதான் இது.

காற்று அணைக்க முடியாத இந்த ஊரின் விளக்கை வேறொன்று அணைத்ததுண்டு. 2004 ஜூன் 29-ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து வரும் எரிவாயு தடைபட்டதால் தீவின் ஒரு பெரும் பகுதி இருண்டது. 2018 செப்டம்பர் 18-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் 1.18 மணிக்கு இரண்டு மின்னாக்க இயந்திரங்கள் அடுத்தடுத்து நின்றுபோயின. இந்த மின்சாரம் விநாடிக்கு நூறு முறை திசைமாறும் இயல்புடையது. ஆக்கமும் செலவும் சமமாக இருக்கும்வரைதான் அந்தத் தாளம் பிசகாது. வண்டியிழுக்கும் மாடுகளில் இரண்டு திடீரென்று படுத்துவிட்டால் மற்றவை தள்ளாடுவதுபோல, இயந்திரங்கள் நின்றால் தாளம் தளரும். தளர்ச்சி எல்லை மீறினால் மிஞ்சிய இயந்திரங்களும் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். அதைத் தடுக்கத் தானியங்கிக் கருவிகள் சில வட்டாரங்களின் சுமையை மட்டும் கழற்றிவிடுகின்றன. அன்றிரவு 1,46,797 இணைப்புகள் இருளடைந்தன; 38 நிமிஷத்தில் எல்லாம் மீண்டன. தூக்கத்திலிருந்தவர்களுக்கு அப்படியொன்று நடந்ததே காலையில் பத்திரிகை சொல்லித்தான் தெரிந்தது. சிங்கப்பூர்க்காரன் மின்தடையை முப்பத்தெட்டு நிமிஷ விஷயமாக எண்ணிக்கொள்வதற்கு அவனைக் குற்றம் சொல்லுவதற்கில்லை.

அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறிற்று. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடும் தொழிலாளர்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, நாகை, திருவாரூர்ப் பக்கத்தவர்கள் எத்தனை பேர் என்பது, அந்த வாரம் சிராங்கூன் சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும்: எல்லோர் கையிலும் கைப்பேசி, எல்லோர் காதிலும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. எனக்கு மூன்றாம் நாள்தான் அக்காள் குரல் கேட்டது. "வீடு நிக்கிது தம்பி. தென்னந்தோப்பு போச்சு. கரண்டு எப்ப வரும்னு கேக்காதே, கம்பமே படுத்துக் கெடக்கு" என்றாள். அவளுடைய மைத்துனர் ஒருவர், எங்கோ ஒரு டிராக்டர் பேட்டரியில் கைப்பேசிக்கு உயிரேற்றிக்கொண்டு வந்து, மொட்டைமாடியில் ஏறி நின்று பிடித்த இணைப்பு அது. பாதிப் பேச்சில் அறுந்தது.

ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் அந்தப் புயலில் சேதமுற்றன. சிமெண்டுக் கம்பத்தை நேரடியாகக் காற்று முறிப்பது குறைவு. கம்பம் ஒல்லியானது, காற்றுக்குக் கொடுக்கும் பரப்பு சிறிது. முறிப்பது மரம். ஒரு தென்னை கம்பியின் மேல் விழும்போது, உச்சியில் இழுக்கப்பட்ட கம்பம் நெம்புகோலாகிவிடுகிறது: எட்டு மீட்டர் உயரத்தில் கொடுத்த இழுவை முழுவதும் அடிவாரத்தில், மண்ணோடு சேரும் இடத்தில் வந்து குவிகிறது. அந்த மண்ணோ மழையில் ஊறிய வயற்சேறு. ஒரு கம்பம் சாயும்போது அதனோடு கம்பியால் பிணைக்கப்பட்ட அடுத்ததையும் இழுக்கிறது. அது தனக்கு அடுத்ததை. வேலிக்கால்கள் வரிசையாகப் படுப்பதுபோல் படுத்துவிடுகின்றன. மின்வாரியத்து ஊழியர்களும் வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த ஊழியர்களும், வண்டி போகாத சேற்று வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்ட காட்சியை அக்காள் பின்னால் பல தரம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தரமும், அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்பியதை மறக்காமல் சேர்த்துக்கொள்ளுவாள்.

இருபத்திரண்டு நாள் மின்சாரமில்லாத வீடு எப்படி நடந்தது என்பதை நான் அவளிடம் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கிற்று: வீடு என்பது சக்தியைப் பலவிதமாகப் பதுக்கி வைத்திருக்கும் ஒரு களஞ்சியம், மின்சாரம் நின்ற நாளில் அந்தக் களஞ்சியத்தில் எது, எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவளே வீட்டை நடத்துகிறாள்.

முதலில் தீர்ந்தது தண்ணீர். மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் நீர், உயரத்தில் பதுக்கிய சக்தி; ஒவ்வொரு பத்து மீட்டர் உயரமும் குழாயில் ஒரு வாயுமண்டல அழுத்தமாக இறங்குகிறது. ஆயிரம் லிட்டர் நீரை நாற்பது மீட்டர் உயரத்துக்கு, அதாவது நம் வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றின் உச்சித் தொட்டிக்கு, ஏற்றுவதற்குக் கணக்குப்படி ஒரு யூனிட் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கே போதும். இயந்திர நஷ்டத்தைச் சேர்த்தாலும் சில காசுகள் பெறாத வேலை. அதையே இருபது லிட்டர் வாளியால் செய்யப் புகுந்தால் ஐம்பது தடவை பதின்மூன்று மாடி ஏற வேண்டும், மின்தூக்கியும் நின்றிருக்கும் வேளையில். சிங்கப்பூரில் மின்தடை சில மணி நேரம் நீடிப்பதாகக் கற்பனை செய்தால், மேல்மாடிக்காரர் முதலில் அறிய வேண்டியது உச்சித் தொட்டியில் மீந்திருப்பதே எல்லோருக்குமான நீர் என்பதை. ஊரில் அக்காள் வீட்டார் நான்காம் நாள், வாடகைக்கு வந்த ஜெனரேட்டரால் ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். அதுவரை பக்கத்துத் தெருக் கைப்பம்பில் வரிசையில் நின்றார்கள். அந்தக் கைப்பம்பை எடுத்துவிடலாமென்று பஞ்சாயத்தில் முன்பு பேச்சு அடிபட்டதாம்; இப்போது அதற்குப் பெயிண்டு அடித்திருக்கிறார்கள்.

ஜெனரேட்டர் என்றதும் ஓர் எச்சரிக்கை. மழைக்குப் பயந்து அதைத் தாழ்வாரத்திலோ மூடிய அறையிலோ வைத்து ஓட்டுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அரைகுறையாக எரிந்த எரிபொருள் உமிழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அது இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பிடித்துக்கொள்ளுகிறது. தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி; புயலுக்குப் பின் யாருக்குத்தான் தலைவலியும் தூக்கமும் இல்லை? இயந்திரம் வீட்டுக்கு வெளியே, ஜன்னலைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். கரியடுப்புக்கும் இதே விதி.

அடுத்தது குளிர்ப்பெட்டி. அது குளிரை உண்டாக்கும் கருவி என்று நினைக்கிறோம். மின்சாரம் நின்றதும் அது குளிரைச் சேமித்து வைத்த பெட்டியாகிவிடுகிறது. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு விழுங்கும் உஷ்ணம், எண்பது கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடேற்றப் போதுமானது. ஆகையால் பனிக்கட்டி நிறைந்த பெட்டிதான் பணக்காரப் பெட்டி. நிறைந்த உறைபெட்டி, கதவைத் திறக்காமலிருந்தால், ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். பாதி நிறைந்தது ஒரு நாள். கீழ்த்தட்டுகளோ நான்கு மணி நேரமே. கதவைத் திறந்து "இன்னும் குளிர்ச்சியா இருக்கா?" என்று பார்ப்பதுதான் மிகப் பெரிய ஊதாரித்தனம்: குளிர்காற்று கனமானது, கதவைத் திறந்ததும் பாலைக் கவிழ்த்தாற்போல் நம் கால்மேல் வழிந்து போய்விடும். ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட உஷ்ணத்தில், தக்க சூழ்நிலை வாய்த்தால், இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் கிருமி, ஏழு மணி நேரத்தில் ஒன்று இருபது இலட்சமாகிவிடும். அக்காள் முதல் நாளே மீனையெல்லாம் எடுத்துக் குழம்பு வைத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டாள். பிறகு அவள் வீட்டில் நடந்தது பழைய சாஸ்திரம்: உப்பு நீரை உறிஞ்சிவிட்ட கருவாடு, எண்ணெயும் புளிப்பும் காத்த ஊறுகாய், நீரூற்றி வைத்ததில் அமிலம் ஊறிப் புளித்த பழைய சோறு. குளிரின் உதவியில்லாமலே கிருமியை நிறுத்தி வைக்கும் ரசாயனம் அந்த அடுக்களையில் தலைமுறையாக இருந்தது. இடையில் சில வருஷம் குளிர்ப்பெட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது, அவ்வளவே.

வெளிச்சத்துக்கு அவளுக்கு அரிக்கேன் விளக்கு கிடைத்தது. பரணில் தேடி, திரியைக் கத்தரித்து, கண்ணாடியைச் சாம்பலால் துடைத்தாள். புயலைக் குறிக்கும் அந்நியச் சொல் ஒன்று கடல் கடந்து வந்து, நம் வீட்டுப் பரணில் அரிக்கேன் என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பது எனக்கு என்றுமே விநோதமாகத் தோன்றும். தமிழில் புயலின் இருளை விரட்டப் புயலின் பெயரையே ஏற்றுகிறோம். அதன் இரு பக்கத்துக் குழாய்கள் வெறும் பிடியல்ல. காற்றை மேலிருந்து இறக்கிச் சுடருக்குச் சீராக ஊட்டும் வழிகள். அதனால்தான் வெளியே காற்று எப்படிக் குதித்தாலும் உள்ளே சுடர் குதிப்பதில்லை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் அடங்கிய சக்தி, நம் கைப்பையில் கிடக்கும் பத்தாயிரம் மில்லியாம்பியர்-மணி மின்சேமிப்பான் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவற்றுக்குச் சமம். ஆனால் சுடர் அதில் பெரும்பகுதியை உஷ்ணமாக வீணாக்குகிறது: ஒரு மெழுகுவத்தி தரும் வெளிச்சத்தைப்போல் அறுபது மடங்குக்குமேல், ஒன்பது வாட் எல்இடி விளக்கு ஒன்றே தந்துவிடும். அடுக்குமாடி வீட்டில், திரைச்சீலைக்கும் மெத்தைக்கும் நடுவே மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டுத் தூங்கிப்போவதைவிட, ஒரு சிறு டார்ச்சை வெண்சுவரை நோக்கி நிறுத்திவைப்பது மேல். சுவர் முழுவதும் விளக்காகிவிடும்.

இரவில் அவர்களை வாட்டியது இருளல்ல, புழுக்கம். சும்மா படுத்திருக்கும் மனிதன்கூட நூறு வாட் பல்பு ஒன்றின் உஷ்ணத்தை வெளியிட்டுக்கொண்டிருக்கிறான். அவ்வளவையும் வியர்வையால் மட்டுமே போக்குவதென்றால் மணிக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டிய சிங்கப்பூரிலோ மழை ஓய்ந்த காவிரி டெல்டாவிலோ, தோலை ஒட்டிய காற்றுப் படலம் ஈரத்தால் நிறைந்து நின்றுவிடுகிறது. வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. மின்விசிறி குளிர்காற்றைத் தருவதில்லை, அந்த நிறைந்த படலத்தைத் துடைத்துவிடுகிறது. பனையோலை விசிறியும் அதையே செய்கிறது, கை வலிக்கும்வரை. அக்காளின் மாமியார் அந்த இருபத்திரண்டு இரவும் நனைத்துப் பிழிந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் படுத்தாராம். எண்பது வயதில், பௌதிகப்படி அதுவே சரியான இடமும் சரியான உடையும்.

அதற்கு அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அக்காள் சிங்கப்பூருக்கு வந்து என்னோடு ஒரு மாதம் தங்கினாள். ஒரு விடியற்காலையில் சுமத்ரா வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்த சத்தத்தில் நான் கண்விழித்தபோது, குளியலறையில் குழாய் ஓடும் சத்தமும் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், கூடத்து விளக்கு எப்போதும்போல் எரிந்துகொண்டிருக்க, அவள் வாளி, பாத்திரம், சோற்றுக் குக்கர் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வரிசையாக வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இங்கே கம்பிகளெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கின்றன என்றும், அரை மணியில் காற்று கடலுக்குப் போய்விடும் என்றும் நான் விளக்கினேன். "சரி தம்பி, நீ போய்ப் படு" என்று சொல்லிவிட்டுக் குக்கரை நகர்த்தி அடுத்த குண்டானை வைத்தாள். அன்று காலை அந்த வாளித் தண்ணீரில்தான் குளித்தேன். குக்கரில் பிடித்ததைச் சாயங்காலம்வரை கொட்ட அவள் விடவில்லை.